பிரிட்டனில் ஸ்பான்சர் விசா வேலையை ஒப்பந்தம் முடியும் முன்பே விட்டால் விசா போய்விடுமா?

கேட்டவர் குன்னூர்க்காரர், பிரிட்டனில் ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் நர்ஸ். 3 வருட ஒப்பந்தத்தில் பாதி முடிந்திருக்கிறது. மருத்துவமனை வேலைக்கு மாறினால் விசா ரத்தாகுமா, முன்பே விலகுவதற்காகக் கம்பெனி கேட்கும் 5,000 பவுண்டைக் கட்டியே ஆக வேண்டுமா என்று கேட்கிறார். நான் கோத்தகிரி பக்கத்து ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) பிறந்தவள். நானும் இப்படி ஒரு இல்லத்தில் சேர்ந்து, ஒப்பந்தம் பாக்கி இருக்கும்போதே மருத்துவமனைக்கு மாறினேன். வக்கீல் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அந்த 3 வருடம் ஹோம் ஆபீஸ் (விசா கொடுக்கும் பிரிட்டன் உள்துறை) போட்ட நிபந்தனை இல்லை. அது உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் உள்ள பணக் கணக்கு. உங்கள் விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளியிடம், அதாவது ஸ்பான்சரிடம், நீங்கள் வேலை பார்க்கிறீர்களா என்பதுதான் ஹோம் ஆபீஸுக்கு முக்கியம். மேனேஜர்கள் வேண்டுமென்றே இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுவார்கள். என் மேனேஜரும் "போனால் விசா கேன்சல்" என்றுதான் ஆரம்பித்தார், பணப் பேச்சு அப்புறம்தான் வந்தது.

விசா விஷயத்தில் எதை முதலில் செய்கிறோம் என்பதுதான் எல்லாமே. முதலில் புது வேலை, அவர்கள் தரும் சிஓஎஸ் (ஸ்பான்சர் செய்வதற்கான சான்று), அதை வைத்து விசா விண்ணப்பம். முடிவு வரும்வரை பழைய இடத்திலேயே வேலை பார்க்கலாம், நோட்டீஸ் காலமும் அதில் ஓடலாம். முடிவு வராமல் புது இடத்தில் கால் வைக்கக் கூடாது. கோபத்தில் முதலில் ராஜினாமா எழுதினால், கம்பெனி 10 வேலை நாட்களுக்குள் ஹோம் ஆபீஸுக்குத் தெரிவித்தாக வேண்டும். பிறகு விசா பொதுவாக 60 நாட்களாகச் சுருக்கப்படும். அதற்குள் புது ஸ்பான்சர் கிடைத்து விண்ணப்பித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும். விசாவைச் சுருக்கும் கடிதம் தாமதமாக வரும் என்று சொல்பவர்களை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இனி பணம். 5,000 என்று மொத்தமாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், இனம் இனமாகப் பிரித்து எழுத்தில் கேளுங்கள். இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ் (வெளிநாட்டு ஊழியரை எடுக்க அரசுக்குக் கட்டும் கட்டணம்) முதலாளியின் செலவு, அதை ஊழியரிடம் வசூலிக்கவே கூடாது. 2024 டிசம்பர் 31 முதல் கொடுக்கப்பட்ட சிஓஎஸ் கட்டணமும் அப்படித்தான். விமான டிக்கெட், நர்ஸாகப் பதிவு செய்ய எழுதும் ஆஸ்கி செய்முறைத் தேர்வின் 794 பவுண்டு கட்டணம் போன்றவற்றை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தால் கேட்கலாம். அதிலும் வேலை பார்த்த காலத்துக்கு ஏற்பத் தொகை குறைய வேண்டும் என்றுதான் இங்கிலாந்து சுகாதாரத் துறையின் சர்வதேச ஆட்சேர்ப்பு நெறிமுறை சொல்கிறது. அது சட்டம் இல்லைதான், ஆனால் அதை மேற்கோள் காட்டி ஒரு மின்னஞ்சல் போட்டாலே பேச்சின் தொனி மாறும். எனக்கு மாறியது. ஏகாஸ் (வேலைத் தகராறுகளுக்கு வழிகாட்டும் பிரிட்டன் அமைப்பு) உதவி எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். ஆர்சிஎன் என்ற நர்ஸ்கள் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் ஒப்பந்தத்தை அவர்களிடமும் காட்டுங்கள்.

நம் ஊர்ப் பெண்களுக்கு உண்மையான தொல்லை லண்டனிலிருந்து வருவதில்லை, கோயம்புத்தூர் ஏஜென்சியிலிருந்து வருகிறது. கிளம்பும்போது அப்பாவிடம் வேலையை முன்பே விட்டால் பணம் தருவதாக முத்திரைத்தாளில் ஒரு பத்திரமும், தொகை எழுதாத செக்கும் வாங்கி வைத்திருப்பார்கள். நாம் அங்கே வேலை மாறும் செய்தி தெரிந்ததும் போன் ஊரில் அப்பாவுக்கு அடிக்கும். தேயிலை விலையே சரியில்லாத மாதத்தில், தோட்டத்தை விற்கணுமோ என்று அப்பாக்கள் பயந்துபோவார்கள். என் அப்பாவுக்குத் தூக்கமே இல்லை.

உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74வது பிரிவுப்படி, பத்திரத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான், கோர்ட் தருவது அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே. அதற்காகப் பத்திரம் எல்லாமே வெற்றுத்தாள் என்றும் நினைக்க வேண்டாம். 3 வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. செக் இன்னும் கவனிக்க வேண்டியது. கையெழுத்து இருந்தால் கடன் இருப்பதாகவே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்டுவது நம் வேலை. செக் திரும்பி நோட்டீஸ் வந்தால் 15 நாள்தான் அவகாசம், அதை மேசையில் போட்டு வைக்காமல் உடனே ஊட்டியிலோ குன்னூரிலோ ஒரு வக்கீலிடம் காட்டச் சொல்லுங்கள். ஏஜென்சி உங்களிடம் எவ்வளவு வாங்கியது என்ற ரசீதுகளும் வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அதற்கு மேல் வாங்கியவர் கோர்ட்டுக்குப் போக யோசிப்பார்.

இன்னொன்று. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது பிரிட்டனை விட்டு வெளியே வந்தால் அது வாபஸ் ஆனதாகக் கொள்வார்கள். ஹெத்தை ஹப்பா (நம் படுகர் திருவிழா) சமயத்தில் ஊருக்கு வரும் எண்ணம் இருந்தால், டிக்கெட் போடும் முன் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.