கொழுப்பைக் குறைத்துக்கொண்டே தசையை ஏற்ற முடியுமா?

முடியும், ஆனால் எல்லாருக்கும் ஒரே வேகத்தில் நடக்காது. இப்போதுதான் எடை தூக்க ஆரம்பித்தவர்கள், சில வருஷம் விட்டுவிட்டுத் திரும்ப ஜிம்முக்குப் போகிறவர்கள், உடம்பில் கொழுப்பு கொஞ்சம் தாராளமாகவே இருப்பவர்கள், இவர்களுக்கு நன்றாகவே நடக்கும். பல வருஷம் பயிற்சி செய்து ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவருக்குத்தான் திண்டாட்டம்.

சாப்பாட்டைக் குறைத்தால் தசை எப்படி வளரும் என்றுதானே கேட்கிறீர்கள்? குறைகிற ஆற்றலை உடம்பு சேர்த்துவைத்த கொழுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும், ஒரு கிலோ கொழுப்பில் கிட்டத்தட்ட 7,700 கலோரி கிடக்கிறது. ஆனால் தசைக்கு வேண்டிய புரதத்தைக் கொழுப்பிலிருந்து செய்ய முடியாது, சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 முதல் 2.2 கிராம், அதாவது 70 கிலோ ஆளுக்கு நாளைக்கு 112 முதல் 154 கிராம். (சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் கணக்கைத் தொடாதீர்கள்.) ஒரு நாளைக்குக் கலோரியில் 300, 400 குறைத்தால் போதும். ஒரேயடியாக 1,000 குறைத்தால் தசையும் சேர்ந்து கரையலாம்.

அப்புறம் பயிற்சி. போன வாரம் 40 கிலோவில் ஸ்குவாட் (எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) 8 முறை என்றால் இந்த வாரம் 9, பிறகு 10, அதற்கப்புறம் 42.5 கிலோ. நோட்டில் எழுதிவையுங்கள்.

எடை மெஷினை மட்டும் நம்பாதீர்கள். கொழுப்பு 2 கிலோ போய் தசை ஒன்றரை கிலோ ஏறினால் அது அரை கிலோ குறைந்ததாகத்தான் காட்டும், அதைப் பார்த்து மனம் விட்டுப்போய் நிறுத்துகிறவர்கள் ஏராளம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றோடு, டேப் வைத்து இடுப்பை அளந்து பாருங்கள்.