பஞ்சத்துக்கு எத்தனை காரணம்?

அன்புள்ள ஐயா,

கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நாவல்கள் அலுத்துப்போய், கொஞ்ச காலமாக வரலாறு, நடப்பு அரசியல் என்று புனைவல்லாத புத்தகங்களாகவே வாங்குகிறேன். 1943 வங்காளப் பஞ்சத்தைப் பற்றி அடுத்தடுத்து இரண்டு புத்தகங்கள் படித்தேன். ஒன்று, அரிசி இருந்தது, ஜனங்களிடம் வாங்கத்தான் வழியில்லை என்கிறது. மற்றது, சர்ச்சில் தானியம் அனுப்ப மறுத்ததுதான் காரணம் என்கிறது. நடந்தது ஒன்றுதானே? அப்படியிருக்க இன்னும் புதிது புதிதாக எழுதுவது வியாபாரத்துக்காகவா? நடப்பு விவகாரப் புத்தகங்களோ வாங்கிவந்து பிரிப்பதற்குள் பழசாகிவிடுகின்றன. பென்ஷன் பணத்தில் வாங்குகிறவன் எதை நம்பி வாங்குவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், திண்டுக்கல்)

அன்புள்ள நண்பருக்கு,

வியாபாரமும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வருகிறதென்றால் டிசம்பரில் அச்சகங்கள் தூங்குவதில்லை. அந்த அவசரத்தில் வருகிறவற்றில் பாதி, ஏற்கெனவே வந்த நாலு புத்தகங்களைக் கரைத்து ஐந்தாவதாக ஊற்றியவை. ஆனால் நீங்கள் படித்த இரண்டும் அந்த ரகமல்ல. முதலாவது அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட ஆய்வு என்றும், இரண்டாவது மதுஸ்ரீ முகர்ஜியின் 2010 நூல் என்றும் ஊகிக்கிறேன். இரண்டும் முட்டிக்கொள்வதாக உங்களுக்குத் தோன்றுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பஞ்சம் முடிந்த கையோடு அரசாங்கம் ஜான் உட்ஹெட் தலைமையில் ஒரு விசாரணைக் குழு போட்டது. 1945இல் அறிக்கை வந்தது. ஜப்பான் ரங்கூனைப் பிடித்ததால் 1942 மார்ச்சுக்குப் பிறகு பர்மா அரிசி நின்றுபோனது, அக்டோபர் 16ஆம் தேதிப் புயல் மேதினிப்பூரை அடித்துக்கொண்டு போனது, கையிருப்பு குறைந்தது, இறந்தவர்கள் சுமார் 15 லட்சம். நிர்வாகத்தின் குளறுபடிகளையும் குழு கண்டித்தது. ஆனாலும் அடிப்படையில் அது சொன்னது அரிசித் தட்டுப்பாட்டின் கதை.

சென் செய்தது என்ன? அரசாங்கத்தின் கணக்குகளையே எடுத்துக் கூட்டிக் கழித்தார். 1943இல் வங்காளத்தில் இருந்த அரிசி, முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட 5 சதவீதம்தான் குறைவு. 1941ஐவிட 13 சதவீதம் அதிகம். 1941இல் பஞ்சம் வரவில்லையே! அப்படியானால் கேள்வியே வேறு. யார் செத்தார்கள்? கூலி விவசாயிகள், மீனவர்கள், படகோட்டிகள், நெல் குத்திப் பிழைத்த பெண்கள். யுத்தச் செலவில் கல்கத்தாவில் பணம் புரண்டது, அரிசி விலை ஏறியது, இவர்களுடைய கூலி ஏறவில்லை. நகரத்து ஆலைத் தொழிலாளிக்கு மலிவு விலையில் அரிசி கொடுத்தார்கள். கிராமத்து நாவிதருக்கு யார் கொடுப்பது? முகச்சவரம்தான் வயிறு காய்கிறபோது முதலில் நிறுத்தப்படும் செலவு. சென் ஒரு புது ரகசிய ஆவணத்தையும் கண்டுபிடிக்கவில்லை. பழைய தாளிடம் புதுக் கேள்வி கேட்டார்.

முகர்ஜி கேட்டது அதற்கு அடுத்த கேள்வி. பஞ்சம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு அதை ஏன் நிறுத்தவில்லை? 1943 ஆகஸ்ட் 22ஆம் தேதி 'ஸ்டேட்ஸ்மேன்' பத்திரிகையில் அதன் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் கல்கத்தாத் தெருவில் கிடந்தவர்களின் புகைப்படங்களை வெளியிட்ட பிறகு, தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே முகர்ஜி லண்டனுக்குப் போகிறார். யுத்த மந்திரிசபைக் காகிதங்கள், சர்ச்சிலின் ஆலோசகர் செர்வெல் பிரபுவின் குறிப்புகள், லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த மந்திரி ஏமெரியின் நாட்குறிப்பு என்று தேடுகிறார். டெல்லி ஆவணக்காப்பகத்திலும் ஒன்று இருந்தது. உட்ஹெட் குழுவிடம் சொல்லப்பட்ட சாட்சியங்கள் அச்சிடப்படவில்லை, அழித்துவிடச் சொல்லி உத்தரவு. குழுவின் உறுப்பினரான மணிலால் நானாவதி தன் பிரதியை அழிக்காமல் வைத்துக்கொண்டார். அந்த ஒரு மனிதரின் பிடிவாதத்தால்தான் இன்று நமக்கு அது படிக்கக் கிடைக்கிறது. கப்பல் பற்றாக்குறை நிஜமா, மனமில்லாத பற்றாக்குறையா என்பதில் சர்ச்சிலுக்காக வாதாடுகிறவர்கள் இன்றும் உண்டு. அவர்களையும் படிக்கலாம், கெட்டுப்போக மாட்டோம்.

ஆக, பஞ்சம் எப்படி மூண்டது, யாரைத் தின்றது என்பது சென்னின் விஷயம். கேட்ட தானியம் ஏன் வரவில்லை என்பது முகர்ஜியின் விஷயம். நடந்தது ஒன்று என்றாலும் அதைப் பற்றிக் கேட்க ஒன்றுக்கு மேல் இருக்கிறது.

இனி உங்கள் உத்தியோகத்துக்குப் பிடித்தமான இடத்துக்கு வருகிறேன். அந்த 5 சதவீதம் எங்கிருந்து வந்தது? நீங்கள் வவுச்சர் இல்லாமல் எதையும் பாஸ் செய்திருக்க மாட்டீர்கள். புத்தகத்தின் அடிக்குறிப்பும் வவுச்சர்தான், பிடித்துக்கொண்டு போனால் அடிவரைக்கும் போகலாம். சென் காட்டும் கணக்கின் அடியில் இருப்பது மாகாண அரசாங்கத்தின் பயிர் மதிப்பீடு. அந்த மதிப்பீட்டின் அடியில்? நம் சென்னை மாகாணத்தில் ரயத்துவாரி முறை, அதாவது உழுகிறவனிடமே அரசாங்கம் நேராக வரி வாங்குவது. ஊருக்கு ஒரு கர்ணம், அதாவது கணக்குப்பிள்ளை, எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று அடங்கலில் எழுதிவைப்பார். வங்காளத்திலோ 1793இலிருந்து நிலையான நிலவரித் திட்டம். ஜமீன்தார் கட்டவேண்டிய தொகை நிரந்தரமாகத் தீர்மானமாகிவிட்டபிறகு, வயல் வயலாகப் போய் அளக்க அரசாங்கத்துக்கு என்ன தலையெழுத்து? எனவே கர்ணமும் இல்லை, அடங்கலும் இல்லை. 'இந்த வருஷம் வெள்ளாமை பதினாறு அணாவுக்கு இத்தனை அணா' என்று, பதினாறு அணாவை முழு விளைச்சலாக வைத்து, கண்மதிப்பாக மேலே எழுதி அனுப்பியதுதான் புள்ளிவிவரமாக உருவெடுத்தது.

இந்த ஓட்டையைத்தான் வேறு சிலர் பிடித்துக்கொண்டார்கள். கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் தாவர நோயியலாளர் எஸ்.ஒய். பத்மநாபன் 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். வங்காளத்தின் இரண்டு நெல் ஆராய்ச்சிப் பண்ணைகளில் 1941லும் 1942லும் ரகவாரியாக அறுத்து நிறுத்த எடைகள் அவரிடம் இருந்தன. 1942இல் செம்புள்ளி என்ற பூஞ்சை நோய் தாக்கிப் பல ரகங்களில் பாதிக்கும் மேல் போயிருந்தது. பண்ணையில் தராசில் நிறுத்த எடையை நம்புவதா, அணாக் கணக்கை நம்புவதா? பண்ணை இரண்டுதான், மாகாணமோ பெரியது. இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. 2019இல் காந்திநகர் ஐஐடி ஆய்வாளர்கள் மண்ணின் ஈரப்பதத்தைக் கணித்து, 1943 பஞ்சம் வறட்சியால் வந்ததல்ல என்றார்கள். அந்தச் செய்தி 'சர்ச்சிலே குற்றவாளி, விஞ்ஞானிகள் நிரூபித்தனர்' என்ற தோரணையில் சுற்றி வந்தது. வறட்சி இல்லை என்பது ஒன்று, விளைச்சல் குறையவில்லை என்பது வேறு. நல்ல மழையிலும் நோய் வரும், சொல்லப்போனால் ஈரத்தில்தான் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

இதற்காக எல்லாமே அவரவர் பார்வை என்று கைகழுவிவிட வேண்டாம். 1942இல், ஜப்பான்காரன் கையில் சிக்கக்கூடாதென்று கடலோர வங்காளத்தில் பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளை எல்லாம் பறிமுதல் செய்தார்கள், உடைத்தார்கள். ஆற்றுக்கு ஆறு படகில்தான் போக வேண்டிய ஊரில்! மீன்பிடிக்க வழியில்லை, அக்கரை நிலத்தை உழப் போக வழியில்லை, நெல்லைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. இதை எந்தக் கட்சி ஆய்வாளரும் மறுக்கவில்லை. இறந்தவர்கள் 15 லட்சமா 30 லட்சமா என்று வாதம் நடக்கும், படகு உடைபட்டதா என்று நடக்காது. ஒரு புத்தகம் எங்கே சண்டை இருக்கிறது, எங்கே இல்லை என்று பிரித்துச் சொல்கிறதா? அதைப் பார்த்து வாங்குங்கள். எல்லாவற்றிலும் ஒரே சுருதியில் அடித்துப் பேசுகிற ஆசிரியரை நான் இரண்டாம் அத்தியாயத்திலேயே மூடிவைத்துவிடுவேன்.

நடப்பு விவகாரத்துக்கு வருவோம். பழசாவதில் தப்பில்லை, எந்தத் தாளைப் பார்ப்பதற்கு முன்பு எழுதப்பட்டது என்பதுதான் சங்கதி. தேர்தல் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்டேட் வங்கியில் வாங்கிப் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடையாகக் கொடுத்த பத்திரம். 2018 ஜனவரியில் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விவரங்களைக் கொடுக்க ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்றது ஸ்டேட் வங்கி. உங்களைப் போன்ற வங்கிக்காரர்கள் சிரித்திருப்பீர்கள். மார்ச் 11இல் நீதிமன்றம் மறுத்தது, 14ஆம் தேதி தேர்தல் ஆணையத்தின் தளத்தில் இரண்டு பட்டியல்கள் வந்தன. ஒன்றில் வாங்கியவர் பெயர், தேதி, தொகை. மற்றதில் பணமாக்கிய கட்சி, தேதி, தொகை. இரண்டையும் இணைக்கும் எண் மட்டும் இல்லை. பத்திரத்தில் புற ஊதா விளக்கில் மட்டும் தெரியும் எண் ஒன்று இருப்பது 2018லேயே பத்திரிகையில் வந்துவிட்டது. நீதிமன்றம் மறுபடி அதட்டியதும் 21ஆம் தேதி அந்த எண்களும் வந்தன. அதன்பிறகுதான் யார் பணம் யாருக்கு என்று வரிக்கு வரி பொருத்த முடிந்தது. முதலிடத்தில் இருந்தது கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட லாட்டரி நிறுவனம், 1,368 கோடி ரூபாய்.

பிப்ரவரி மாதம் அச்சேறிய புத்தகத்தில் சட்ட வாதம் இருக்கலாம், அது பிரமாதமாகவும் இருக்கலாம். 21ஆம் தேதிக்குப் பிறகு வந்தது வேறு சாதிப் புத்தகம். அப்போதும் ஒரு இடைவெளி உண்டு: வெளியான பட்டியல்கள் 2019 ஏப்ரல் 12 முதல் உள்ளவைதான். அதற்கு முன் விற்ற பத்திரங்கள் அதில் இல்லை. இதை முன்னுரையிலேயே சொல்லிவிடுகிற ஆசிரியரை நம்பி மேலே படிக்கலாம்.

நம்மூர்ப் பதிப்புகள் மீது எனக்கொரு வருத்தம் இருக்கிறது, சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. ஆங்கிலத்தில் அறுபது, எழுபது பக்கத்துக்கு அடிக்குறிப்பும் சொல்லடைவும் இருக்கும் நூலைத் தமிழில் கொண்டுவரும்போது, அந்தப் பக்கங்களைக் கத்தரித்துவிடுகிறார்கள். காகித விலையாம். தமிழ் வாசகன் குறிப்பெல்லாம் பார்க்க மாட்டானாம். அப்படி நறுக்கிய மொழிபெயர்ப்பை, எவ்வளவு நல்ல தமிழாக இருந்தாலும், கடன் வாங்கிப் படியுங்கள், காசு கொடுக்காதீர்கள். புத்தகக் காட்சி அரங்கில் ஒரு பதிப்பாளரிடம் இதைக் கேட்டபோது, "உங்களை மாதிரி பத்துப் பேருக்காக நாப்பது பக்கம் போடணுமா சார்?" என்றார். பதினொன்றாவது ஆளாக நீங்களும் போய்க் கேளுங்கள்.

வங்காளப் பஞ்சத்தில் இன்னும் ஆர்வம் இருந்தால், மூன்றாவது புத்தகத்துக்கு இப்போது செலவு செய்ய வேண்டாம். 1945 விசாரணை அறிக்கையே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலம் சுலபமானதுதான், அரசாங்க நடை, உங்களுக்குப் பழகியிருக்கும். அதைப் படித்துவிட்டு சென்னின் ஆறாம் அத்தியாயத்தைத் திரும்ப எடுங்கள். அவர் எந்த அட்டவணையை எங்கே மடக்குகிறார் என்று பென்சிலும் கையுமாகப் பாருங்கள். ஏதாவது ஒரு கூட்டல் உதைத்தால் எழுதுங்கள்.

அன்புடன்