தீவுக்கு டொக்டராகப் போகப்போகிறேன் என்று மகள் சொன்னால்

அக்கா, நீங்கள் எழுதியிருந்ததில் ஒரு வரி ரெண்டு நாளாக என்னை விடவில்லை. "எங்களைப் படிக்கவைக்கத்தானே அப்பா நெடுந்தீவை விட்டு எங்களைத் தூக்கிக்கொண்டு வந்தவர், இப்ப என்ரை மகள் படிச்சு டொக்டராகி அங்கேயே திரும்பிப் போகப்போறாளாம்" என்று. இதை வாசித்துவிட்டு உங்கள் மகள் சொல்வது சரி, நீங்கள் சொல்வது பிழை என்று எழுத எனக்கு மனம் வராது.

ஆனால் முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். இப்போதுதான் உயர்தர முடிவு வந்திருக்கிறது, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி நன்றாக இருக்கிறது, மருத்துவபீடம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். எம்பிபிஎஸ் 5 வருஷம். அது முடிந்து உள்ளகப் பயிற்சிக்குக் கூப்பிடும்வரை வீட்டில் காத்திருக்கும் காலம் ஒன்று இருக்கிறது, அப்புறம் பயிற்சி ஒரு வருஷம், அதற்குப் பிறகுதான் மருத்துவ சபையின் முழுப் பதிவும் சுகாதார அமைச்சின் நியமனப் பட்டியலும். அந்தப் பட்டியலில் தன் வரிசைப்படி, இருக்கிற வெற்றிடங்களில் ஒன்றை அவள் எடுக்கவேண்டும். எப்படிப் பார்த்தாலும் 7 வருஷம் போய்விடும். இந்தக் கிழமை சாப்பாட்டு மேசையில் சண்டை பிடித்துத் தீர்க்கவேண்டிய விஷயமா இது?

சரி, நீங்கள் நேரே எழுதாத பயத்துக்கு வருகிறேன். "இவ்வளவு படிச்சுப்போட்டு வெறும் ஓபிடி (வெளிநோயாளர்) டொக்டராக நிற்கப்போறாளா?" என்பதுதானே அது? எங்கள் ஊரில் டொக்டர் என்றால் இதயம், மூளை, எலும்பு என்று ஏதாவது ஒரு துண்டைச் சொந்தமாக்கி, பின்னேரம் தனியார் ஆஸ்பத்திரியில் காசுக்கு நோயாளரைப் பார்த்து, அதாவது சனல் பண்ணுகிறவர். தீவுகளில் ஒரு காலத்தில் டொக்டர் பட்டம் இல்லாமல் வைத்தியம் பார்த்த அப்போதிக்கரிமார்தான் எல்லாம் பார்த்தார்கள், அந்த நினைவு பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது, அதனால் தீவு டொக்டர் என்றால் ஒரு படி கீழே என்று ஒரு எண்ணம்.

ஆனால் ஒரு துண்டை மட்டும் பார்க்காமல் ஆளை முழுசாகப் பார்க்கிற குடும்ப மருத்துவம் இன்றைக்குத் தனியான ஒரு சிறப்புத்துறை. யாழ்ப்பாண மருத்துவபீடத்திலேயே சமுதாய, குடும்ப மருத்துவத்துறை இருக்கிறது. கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் குடும்ப மருத்துவ டிப்ளோமாவும் எம்டி என்ற மேற்பட்டமும் இருக்கின்றன. எம்டி முடித்து அதற்குப் பின்னுள்ள பயிற்சியையும் முடித்தால் மற்றவர்களைப்போல அவளும் கன்சல்டன்ட், அதாவது சிறப்பு மருத்துவர்தான். இது படிப்புப் பக்கம். பலன் பக்கம் பார்த்தால், நோர்வேயில் ஏறக்குறைய 45 லட்சம் பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்து 2022இல் வெளியிட்டார்கள். ஒரே குடும்ப டொக்டரிடம் 15 வருஷத்துக்கு மேல் போய்வந்தவர்களையும், டொக்டர் மாறி ஒரு வருஷம்தான் ஆனவர்களையும் ஒப்பிட்டால், முதல் கூட்டத்தில் அவசரமாக ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்படுவது 28 வீதம் குறைவு, இறப்பு 25 வீதம் குறைவு. புது மருந்து ஒன்று இப்படி வேலை செய்தால் பத்திரிகையில் முன்பக்கத்தில் போடுவார்கள்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன் ஒரு தீவுப் பள்ளிக்கூடத்துக்கு உயர்தரப் பிள்ளைகளோடு கதைக்கப் போயிருந்தேன். எந்தத் தீவு என்பது வேண்டாம். சோளகக் காற்று தூக்கி அடித்த நாள், பின்னேரப் படகு ஓடவில்லை, இரவு அங்கேதான். பொழுதுபோக ஆஸ்பத்திரி விறாந்தையில் இருந்தேன். பனங்காணிக்குள் ஓலை இழுத்த ஒரு ஐயாவைப் பாம்பு கடித்துவிட்டது என்று உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். பாம்பைச் சரியாகக் கண்டவர் யாரும் இல்லை. டொக்டர் உங்கள் மகளை விட ஒரு எட்டு ஒன்பது வயது கூடிய பிள்ளை. ரத்தம் கொஞ்சம் எடுத்துக் காய்ந்த கண்ணாடிக் குழாய் ஒன்றில் விட்டு, மேசையில் வைத்து, "ஒருத்தரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். இருபது நிமிஷம். அந்த நேரத்துக்குள் ரத்தம் உறையவேண்டும், உறையாவிட்டால் விரியன் நஞ்சு உடம்பில் வேலை செய்கிறது என்று அர்த்தம். குழாய் கண்ணாடியாக இருக்கவேண்டுமாம், பிளாஸ்டிக்கில் சரியாக உறையாது. ஆய்வுகூடம் ஒன்றும் தேவைப்படாத சோதனை அது.

அந்த இருபது நிமிஷத்துக்குள் அவர் யாழ்ப்பாணத்துக் கன்சல்டன்டோடு கதைத்தார், படகுக்காகக் கடற்படைக்குச் சொன்னார், கண் இமை விழுகிறதா என்று ஐயாவை மேலே பார்க்கச் சொன்னார், நடுவில் ஐயாவின் மனிசியைப் பார்த்து, "நீங்கள் பிரஷர் குளிசையை நிப்பாட்டிப் போட்டீங்களாம், உண்மையோ?" என்றும் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேரம் முடிந்து குழாயைச் சரித்தால் ரத்தம் தண்ணிமாதிரி ஓடியது. நஞ்சுமுறி மருந்து சில பேருக்கு உடனே ஒவ்வாமை கொடுத்து ஆளைக் கவிழ்த்துவிடும், ஆகவே அட்ரினலினை ஊசியில் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே ஏற்றத் தொடங்கினார். படகுக்கு ஏற்றும்போது ஐயா கதைத்துக்கொண்டுதான் போனார். பிறகு டொக்டர் தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொன்னது: "பாம்புக்கடி பரவாயில்லை, செய்யவேண்டியது தெரியும். அந்த அம்மா ஏன் குளிசையை நிப்பாட்டினவ என்று கண்டுபிடிக்கத்தான் எனக்கு ஒரு மாசம் எடுக்கும்."

இதைக் கேட்டு மகளை உடனே படகில் ஏற்றிவிடாதீர்கள். கஷ்டமும் இருக்கிறது, அதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். தனி டொக்டர் என்றால் பதிலுக்கு ஒருவர் வரும்வரை லீவு எடுக்க முடியாது, தங்கச்சியின் கலியாணமாக இருந்தாலும்தான். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், ஆனால் கடலுக்கு மேலால் வராது. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் போய் வேலணை, புங்குடுதீவு தாண்டி குறிகட்டுவான், அங்கிருந்து குமுதினிப் படகிலோ வடதாரகைப் படகிலோ நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம், அதுவும் கடல் விட்டால். அடிப்படைச் சம்பளம் எங்கே நின்றாலும் ஒன்றுதான், ஆனால் பின்னேரத்தில் தனியாகப் பார்த்து உழைக்கலாம் என்ற கணக்கை அங்கே போடவேண்டாம். தண்ணீர் உவர். குவார்ட்டர்ஸ் கதவுக்கு நல்ல பூட்டு இருக்கிறதா, இரவில் காவலுக்கு யார் நிற்பார்கள் என்பதைப் பொறுப்பெடுக்க முன்பே கேட்கவேண்டும். பொம்பிளைப் பிள்ளை என்பதால் அதிகமாகப் பயப்படுகிறேன் என்று உங்களை யாரும் சொன்னால் விடுங்கள், நியாயமான கேள்வி அது.

கலியாணம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதற்கு என்னிடம் சான்றிதழ் இல்லை, அந்தப் பக்கம் போகவில்லை.

மகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தங்கச்சி, உள்ளகப் பயிற்சியில் தெரிவு கிடைத்தால் பொது மருத்துவத்தையும் மகப்பேற்றையும் எடுக்கப் பார். பயிற்சி முடிந்த கையோடு தனியாகத் தீவில் போய் நிற்காதே. முதலில் கன்சல்டன்ட்மார் நிற்கிற ஒரு ஆதார வைத்தியசாலையில், முடிந்தால் அவசர சிகிச்சைப் பிரிவில், ஒரு வருஷமாவது நில். மூச்சுக்குழாய் போடுவது, குழந்தைக்கு நரம்பு பிடிப்பது, ஈசிஜி வாசிப்பது, இதெல்லாம் கை பழகியிருக்கவேண்டும். திருக்கை முள் குத்திய காலைத் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வைத்தால் வலி இறங்கும் என்பது மாதிரிச் சின்னச் சின்ன விஷயங்களைத் தீவில் நிற்கிற தாதியிடம் படிக்கலாம், அவர்களுக்கு உன்னைவிடக் கூடத் தெரியும், கூச்சப்படாதே. பிரசவத் திகதி கிட்டுகிற தாய்மாரை நேரத்தோடு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிடு, உன் கெட்டித்தனத்தைக் காட்டுகிற இடம் அது இல்லை. ரெண்டு மூன்று வருஷம் நின்று பார்த்துவிட்டு டிப்ளோமாவா எம்டியா என்று முடிவெடு, அந்த அனுபவம் ஒரு வருஷம்கூட வீணாகாது.

சின்ன இடத்தில் நின்றால் மூளை மங்கிவிடும் என்று யாராவது சொன்னால் வட அத்திலாந்திக் கடலில் டென்மார்க்குக்குக் கீழ் உள்ள பரோ தீவுகளின் கதையைச் சொல்லு. 1846இல் அங்கே சின்னமுத்து (தட்டம்மை) வந்து ஏறத்தாழ 7800 பேரில் 6000 பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். டென்மார்க் அனுப்பிய பீட்டர் பானும் என்ற டொக்டருக்கு அப்போது 25 வயது. யார் எந்தப் படகில் எந்த ஊருக்கு எந்த நாள் போனார் என்று வீடுவீடாகக் கேட்டு, தொற்றியதிலிருந்து தோலில் தடிப்பு வர ரெண்டு கிழமை அளவில் ஆகும் என்று கண்டுபிடித்தார். 1781இல் சின்னமுத்து வந்து தப்பியிருந்த கிழவர்களுக்கு 65 வருஷத்துக்குப் பிறகும் அது திரும்ப வரவில்லை என்பதையும் அவர்தான் எழுதிவைத்தார். ஆட்கள் எண்ணக்கூடிய அளவில் இருந்தபடியால்தான் அது கண்ணில் பட்டது, பட்டணத்துக்குள் பட்டிருக்காது.

அக்கா, உங்களுக்கு ஒரு வேலை. பல்கலைக்கழகம் தொடங்க முன் மகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்வாருங்கள். குதிரை பார்க்கிற சுற்றுலாவாகவோ கோயில் திருவிழாவுக்காகவோ வேண்டாம், சும்மா ஒரு வேலைநாளில், சோளகம் வீசுகிற மாசத்தில் போங்கள். உங்கள் பழைய வளவையும் காட்டுங்கள், அவள் கேட்கும் கேள்விகளுக்கு உங்களிடம்தான் பதில் இருக்கும். பிறகு ஆஸ்பத்திரி வெளிநோயாளர் வாங்கில் ரெண்டு மணித்தியாலம் பேசாமல் இருந்து யார் வருகிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று அவளையே பார்க்கவிடுங்கள். ஒரு மாற்றுடுப்பும் கையில் இருக்கட்டும், திரும்புகிற படகு ஓடுமா என்று குறிகட்டுவானில் யாரும் உங்களுக்கு வாக்குத் தரமாட்டார்கள்.