பாபநாசம் நீர்மட்டமும் ஹர்ஸ்ட் அடுக்கும்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன், அம்பாசமுத்திரத்தில் வசிக்கிறேன். நாளிதழில் தினமும் வெளியாகும் பாபநாசம் அணையின் நீர்மட்டத்தைப் பல ஆண்டுகளாக நோட்டில் குறித்து வருகிறேன். நெடுந்தூர ஒட்டுறவை, அதாவது பழைய மதிப்புகளின் சாயல் நெடுங்காலத்துக்குப் பிறகும் தொடர்வதைப் பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்த பிறகு, என் தங்கை மகனின் உதவியோடு அந்த எண்களைக் கணினியில் ஏற்றி, அந்த ஒட்டுறவை அளக்கும் ஹர்ஸ்ட் அடுக்கை (0.5 என்றால் நினைவில்லை, அதற்கு மேல் என்றால் நினைவு உண்டு) இரண்டு முறைகளில் கணக்கிட்டுப் பார்த்தோம். வீச்சைத் திட்ட விலக்கத்தால் வகுத்துப் பார்க்கும் ஆர்/எஸ் முறையில் ஒன்றை ஒட்டிய மதிப்பு கிடைத்தது. போக்கை நீக்கிவிட்டு ஏற்ற இறக்கத்தை அளக்கும் டிஎஃப்ஏ முறையிலோ அது ஒன்றைத் தாண்டி ஒன்றரையை நெருங்கிவிட்டது. இவற்றில் எது சரி? தாமிரபரணிக்கு நீண்ட நினைவு உண்டு என்றும், அதன் நீர்மட்ட வரைபடம் எந்த அளவில் பார்த்தாலும் ஒரே மாதிரி தோன்றும் ஒரு ஃப்ராக்டல் என்றும் சொல்லலாமா? 2023 டிசம்பரில் வந்ததைப் போன்ற வெள்ளத்தை இந்த எண்ணைக் கொண்டு முன்கூட்டியே அறிய இயலுமா?

அன்புடன்,
ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள ஐயா,

தங்களுக்குக் கிடைத்த இரண்டு மதிப்புகளுமே கணக்கு அளவில் சரியானவைதான். ஆனால் அவை ஆற்றைப் பற்றிச் சொல்லவில்லை, அணையைப் பற்றிச் சொல்கின்றன. நீர்மட்டம் என்பது வங்கிப் புத்தகத்தில் உள்ள இருப்பைப் போன்றது. நாள்தோறும் வருகின்ற நீரும் போகின்ற நீரும் கூட்டிக் கழிக்கப்பட்டு எஞ்சுவதே அந்த அடி அளவு. டிஎஃப்ஏ முறையின் முதல் படியும் இதே வேலையைத்தான் செய்கிறது: சராசரியைக் கழித்து, மிச்சத்தை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போய், அப்படிக் கிடைத்த தொடரைச் சம நீளத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு நேர்கோட்டைப் பொருத்தி, கோட்டிலிருந்து தொடர் சராசரியாக எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கிறது. துண்டின் நீளத்தையும் விலகலையும், இரு அச்சுகளிலும் மடக்கை (log) அளவு கொண்ட மடக்கைத் தாளில் குறித்தால் வரும் சரிவே நாம் தேடும் அடுக்கு. அணை ஏற்கெனவே கூட்டி வைத்ததைத் தாங்கள் மறுபடியும் கூட்டியிருக்கிறீர்கள். ஒன்றோடொன்று எவ்விதத் தொடர்பும் இல்லாத எண்களை ஒரு முறை கூட்டிவிட்டு டிஎஃப்ஏ செய்தால் அடுக்கு 0.5 அன்று, 1.5 ஆக வரும். ஆகவே தங்கள் ஒன்றரை, நினைவே இல்லாத ஓர் ஆற்றிலிருந்தும் வந்திருக்கக்கூடும். ஆர்/எஸ் முறையோ ஒன்றுக்கு மேல் ஏறவே ஏறாது. அதன் அமைப்பு அப்படி. ஒன்றைத் தாண்ட வேண்டிய தொடரைக் கொடுத்தால் ஒன்றின் அருகே முட்டிக்கொண்டு நின்றுவிடும். இரண்டு முறைகளும் முரண்படவில்லை, ஒரே செய்தியைத் தத்தம் எல்லைக்குள் சொல்கின்றன.

இதைவிட முக்கியமான ஒன்று தங்கள் வரைபடத்தின் வலது ஓரத்தில் இருக்க வேண்டும். பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி. எவ்வளவு பெரிய மழையும் அந்த எண்ணை அதற்கு மேல் கொண்டுபோக முடியாது, ஷட்டரைத் திறந்துவிடுவார்கள். எவ்வளவு கொடிய கோடையும் அதைத் தரைக்குக் கீழே இறக்க முடியாது. இப்படி மேலும் கீழும் அடைக்கப்பட்ட எந்தத் தொடருக்கும், துண்டின் நீளம் போதிய அளவு கூடும்போது, டிஎஃப்ஏ சரிவு ஒன்றுக்கு மேல் நிலைக்க இயலாது. ஏறத்தாழ ஐந்தரை டி.எம்.சி. கொள்ளும் இந்த அணை தென்மேற்குப் பருவத்தில் ஏறி, கார் சாகுபடிக்கு இறங்கி, வடகிழக்குப் பருவத்தில் மீண்டும் ஏறி, பிசானப் பருவ நெல்லுக்குக் கொடுத்துக் கோடையில் வற்றுகிறது. ஓர் ஆண்டின் மிச்சத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லும் திறன் அதற்குக் குறைவு. எனவே ஓராண்டுக்குக் கீழே செங்குத்தாக ஏறும் கோடு, ஓராண்டை ஒட்டி வளைந்து, அதற்கு அப்பால் படுத்துவிட வேண்டும். தாங்கள் முழு நீளத்துக்கும் ஒரே கோட்டைப் பொருத்தியிருந்தால் அந்த வளைவு கண்ணில் பட்டிருக்காது. பெரும்பாலான மென்பொருள்கள் வளைவைக் காட்டாமல் எண்ணை மட்டும் தந்துவிடுகின்றன என்பது இத்துறையின் சாபக்கேடு.

மனிதக் கையும் இதில் உண்டு. சேர்வலாறு அணையும் பாபநாசமும் சுரங்கக் கால்வாயால் இணைக்கப்பட்டவை. மின்நிலையத்துக்கு எவ்வளவு, கால்வாய்களுக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்பவர்கள் பொறியாளர்கள். கோடைமேலழகியான் அணைக்கட்டிலிருந்து ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வரை எட்டு அணைக்கட்டுகளின் பாசனத் தேவையும், குடிநீர்த் தேவையும் அந்த 143 அடிக்குள் எழுதப்பட்டிருக்கின்றன. நீர்மட்டத்தின் ஒட்டுறவில் ஒரு பங்கு மழையுடையது, ஒரு பங்கு அரசாணையுடையது.

ஆகவே தாங்கள் நீர்மட்டத்தை விட்டுவிட்டு, அதே செய்திக் கட்டத்தில் கனஅடியில் அச்சாகும் நீர்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீர்வரத்து ஒரு பக்கம் சாய்ந்த பரவல் உடையது. அதன் மடக்கையை எடுத்தால் கையாள எளிது. பிறகு ஆண்டின் ஒவ்வொரு தேதிக்கும் பல ஆண்டுச் சராசரியைக் கண்டு, அதைக் கழித்து, அந்தத் தேதிக்குரிய திட்ட விலக்கத்தால் வகுங்கள். பருவத்தை நீக்காமல் கணக்கிட்டால், ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசியில் மழை வருகிறது என்ற, வயலில் நிற்கும் எவருக்கும் தெரிந்த செய்தியையே சுற்றி வளைத்துக் கண்டுபிடிப்போம்.

அப்போதும் அடுக்கு 0.5க்கு மேலேயே வரும் என்று எதிர்பார்க்கிறேன். காரணம் எளிது: பொதிகைக் காட்டின் மண் மழையைக் குடித்துக்கொண்டு பல நாட்கள், சில சமயம் வாரங்கள் வரை கசியவிடுகிறது. மழை நின்ற மறுநாளே பாபநாசம் அணை இருக்கும் காரையாற்றில் நீர்வரத்து நின்றுவிடுவதில்லை. ஆனால் இது குறுகிய நினைவு. நாளுக்கு நாள் ஒரே விகிதத்தில் தேய்ந்து சில வாரங்களில் இல்லாமலாகிவிடும். நெடுந்தூர ஒட்டுறவு என்று நாம் சொல்வது வேறு வகை. அங்கே ஒட்டுறவு அடுக்கு விதிப்படி மிக மெதுவாகக் குறைகிறது, இதற்கு மேல் நினைவில்லை என்று சுட்டிக்காட்ட ஒரு கால அளவே கிடையாது. குறுகிய நினைவுடைய தொடரும் சிறிய துண்டுகளில் 0.8, 0.9 என்று வேடம் போடும். துண்டுகள் நீளும்போதுதான் 0.5க்குத் திரும்பித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பத்தாண்டு நாள்தரவு என்றால் சுமார் 3650 எண்கள். நம்பத்தக்க மிகப் பெரிய துண்டு அதில் கால் பங்கு, மிகச் சிறியது பத்து நாள் என்று கொண்டால், நம் கையில் இருப்பது இரண்டு பதின்மடங்கு அளவு வீச்சு (பத்திலிருந்து நூறு, நூறிலிருந்து ஏறத்தாழ ஆயிரம்) மட்டுமே. அதிலும் மேல்பாதியில் பருவச் சுழற்சியின் எச்சம் குறுக்கிடும். 1998இல் டேவிட் அவ்னிர் குழுவினர், இயற்கையில் ஃப்ராக்டல் கண்டதாக இயற்பியல் ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அந்த முடிவுகள் சராசரியாக 1.3 பதின்மடங்கு வீச்சின் மேல்தான் நின்றன. மடக்கைத் தாள் இரக்கமுள்ளது, எதையும் நேர்கோடாக்கிக் கொடுக்கும்.

வேடத்தைக் கலைக்க இரண்டு சோதனைகள் போதும். முதலாவது, தங்கள் எண்களைச் சீட்டுக்கட்டைப் போல் குலுக்கி வரிசையை அழித்துவிட்டுக் கணக்கிடுங்கள், அடுக்கு 0.5க்கு வரவில்லையென்றால் கோளாறு நிரலில் இருக்கிறது. இரண்டாவது, நேற்றைய மதிப்புக்கும் இன்றைய மதிப்புக்கும் உள்ள ஒட்டுறவை மட்டும் தங்கள் தரவிலிருந்து எடுத்து, அதே அளவு குறுகிய நினைவுடைய செயற்கைத் தொடர்களைச் சில நூறு உருவாக்கி, அவற்றின் அடுக்குகளோடு தங்கள் அடுக்கை ஒப்பிடுங்கள். செயற்கைத் தொடர்களின் கூட்டத்துக்குள்ளேயே தங்கள் எண் விழுந்தால், நெடுந்தூர ஒட்டுறவு என்று வாய் திறக்கக் கூடாது.

ஹரால்டு எட்வின் ஹர்ஸ்ட் இந்தக் கேள்விக்கு வந்ததும் அணை வழியாகத்தான். 1906இல் எகிப்துக்கு வந்து, நைல் நதியின் நீரியலிலேயே வாழ்நாளைக் கழித்த ஆங்கிலேயர் அவர். பல ஆண்டுகளின் சராசரி நீரைத் தவறாமல் கொடுக்கவும், வழிந்து வீணாகாமல் இருக்கவும் ஒரு நீர்த்தேக்கம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதே அவர் முன் இருந்த கேள்வி. ஆண்டுகள் ஒன்றையொன்று சாராதவை என்றால் தேவைப்படும் கொள்ளளவு ஆண்டுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் போல் வளர வேண்டும். 1951இல் அவர் வெளியிட்ட ஆய்வில், கெய்ரோ அருகே ரோடாத் தீவின் பழைய நீர்மட்டக் குறிப்புகள், மழைப் பதிவுகள், மர வளையங்கள், ஏரிப் படிவுகள் என்று பலவற்றிலும் அந்த அடுக்கு அரையைத் தாண்டிச் சராசரியாக 0.73ஐ ஒட்டி இருந்தது. அவர் கூட்டியது வரத்தை, அணையின் மட்டத்தை அன்று என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். அடுக்கு அரையைத் தாண்டியதற்குக் காரணம் நீண்ட நினைவா, அல்லது காலப்போக்கில் சராசரியே நகர்ந்துகொண்டிருந்ததா என்ற வழக்கு அதன் பிறகு எழுந்தது. 1974இல் கிளேமெஷ் என்ற நீரியலாளர், சராசரி இடம் மாறும் தொடரும் அதே அடுக்கைத் தரும் என்று காட்டினார். என் சாய்வு பாதி கிளேமெஷ் பக்கம்தான். நூறு ஆண்டுத் தரவு ஒன்றை வைத்துக்கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிவது மிகக் கடினம்.

இயற்பியலில் நெடுந்தூர ஒட்டுறவுக்கு ஐயமற்ற காரணம் தெரிந்த இடங்களும் உண்டு. மூடிய குழாயில் உள்ள கார்பன் டை ஆக்சைடை, 73 வளிமண்டல அழுத்தத்தை ஒட்டிய நிலையில், 31 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவந்தால் தெளிவாக இருந்த பொருள் பால்போல் வெளுக்கும். திரவம், வாயு என்ற வேறுபாடு மறையும், தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869இல் விவரித்த மாறுநிலை அது. அங்கே அடர்த்தியின் ஏற்ற இறக்கங்கள் மூலக்கூறு அளவிலிருந்து ஒளியின் அலைநீளம் வரைக்கும் அதற்கு மேலும் வளர்ந்து, ஒளியைச் சிதறடிக்கின்றன. வெப்பநிலையைச் சற்று மாற்றினால் ஒட்டுறவுத் தூரம் சட்டென்று சுருங்கிவிடும். இங்கே ஒட்டுறவை நீளச் செய்வது எது, குறுக்குவது எது என்று நமக்குத் தெரியும். வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே சூட்டை ஏற்றி இறக்கி அதைத் திருகிப் பார்க்கலாம். ஆற்றுக்கு அத்தகைய திருகு நம்மிடம் இல்லை என்பதால்தான் இவ்வளவு சோதனையும்.

வரைபடம் ஃப்ராக்டலா என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். கோட்டின் ஃப்ராக்டல் பரிமாணம் இரண்டிலிருந்து அடுக்கைக் கழித்தால் வருவது என்ற சூத்திரம், எல்லா அளவுகளிலும் ஒரே விதி நிலவும் இலட்சியத் தொடருக்கு உரியது. ஃப்ராக்டல் பரிமாணம் மிகச் சிறிய கால அளவின் சொரசொரப்பை அளப்பது, நெடுந்தூர ஒட்டுறவு மிக நீண்ட கால அளவின் நடத்தையை அளப்பது. பொதுவாக ஒன்றைக் கொண்டு மற்றதை ஊகிக்க இயலாது. நாளுக்கு ஒரே ஒரு முறை குறிக்கப்படும் மட்டம், அந்த நாளுக்குள் நடந்த சொரசொரப்பைப் பற்றி எதுவும் சொல்லாது.

வெள்ளத்தைப் பற்றிய கேள்வியில் இரண்டு பொருள்கள் கலந்திருக்கின்றன. 1968இல் மாண்டல்பிராட்டும் வாலிஸும் அவற்றைப் பிரித்து, விவிலியக் கதைகளின் பெயரால் நோவா விளைவு, யோசேப்பு விளைவு என்று அழைத்தார்கள். திடீரென்று வரும் பேரளவு முதலாவது. ஏழு செழிப்பான ஆண்டுகளும் ஏழு பஞ்ச ஆண்டுகளும் கூட்டமாய் வருவது இரண்டாவது. ஹர்ஸ்ட் அடுக்கு அளப்பது யோசேப்பை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது நோவா. அது எண்களின் பரவலில் அரிதான மிகப் பெரிய மதிப்புகள் இருக்கும் வாலைச் சேர்ந்த செய்தி. தங்கள் தரவைக் குலுக்கினாலும் அந்த நாள் அதே உயரத்தில்தான் இருக்கும்.

யோசேப்பு விளைவு உண்மையிலேயே இருந்தால் அதனால் முன்கணிப்பு எளிதாகும் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதன் மறுபக்கமே பெரிதாகத் தெரிகிறது. ஆண்டுகள் சார்பற்றவை என்றால் நூறு ஆண்டுத் தரவின் சராசரி நூறு தனித்தனிச் சாட்சிகளின் பலம் கொண்டது. அடுக்கு 0.73 என்றால் அதன் பலம் சார்பற்ற பன்னிரண்டு ஆண்டுகளுக்குத்தான் சமம். 0.8 என்றால் ஆறு ஆண்டுகளுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். எண்ணிக்கையை, இரண்டிலிருந்து அடுக்கின் இருமடங்கைக் கழித்து வரும் எண்ணுக்கு உயர்த்தினால் இந்த மதிப்பு கிடைக்கும். தாங்களே போட்டுப் பார்க்கலாம். தாமிரபரணியின் சராசரி நீர் இவ்வளவு என்று எழுதி வைத்து அதன்மேல் திட்டம் தீட்டுகிறவர்கள் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். நினைவு நீளமானதாக இருந்தால், கடந்த முப்பது ஆண்டுச் சராசரி இந்த ஆற்றைப் பற்றி நமக்குச் சொல்வது மிகக் கொஞ்சம்.

இதே முறைகளை நீளமான, நெருக்கமான தரவின் மேல் பழகிப் பார்க்க விரும்பினால் புவிகாந்தப் புலத்தின் பதிவுகள் ஏற்றவை. பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதாலேயே, திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இயங்குகிறது. பகல் நேரத்தில் நம் தலைக்கு மேல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மின்னோட்டம் காந்தப் புலத்தை நாள்தோறும் ஏற்றி இறக்குகிறது. நிமிடக் கணக்கில் பதிவு செய்யும் கருவி ஓராண்டில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட எண்களைத் தரும். இரண்டு பதின்மடங்குக்குப் பதிலாக நான்கு கிடைக்கும். அங்கும் அமைதியான நாட்களின் தினசரி வடிவத்தை முதலில் கழித்தாக வேண்டும்.

நீர்வரத்துக் கணக்கை முடித்ததும் எனக்கு அடுக்கை மட்டும் எழுதி அனுப்ப வேண்டாம். மடக்கைத் தாளில் புள்ளிகளை, கோடு பொருத்தாமல், குலுக்கிய தொடரின் புள்ளிகளோடும் செயற்கைத் தொடர்களின் புள்ளிகளோடும் ஒரே படத்தில் அனுப்புங்கள். ஓராண்டுக்கு அப்பால் புள்ளிகள் எந்தப் பக்கம் வளைகின்றன என்பதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு எழுதுகிறேன்.

அன்புடன்