தம்பிக்கு அந்நியர் வீட்டுச் சாப்பாடு இனிக்கிறதா?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

நான் ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். மல்லிகைப் பதியன் போட்டு நாற்று விற்பதுதான் பிழைப்பு. கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. கொஞ்ச வருடத்தில் அம்மாவும் போய்விட்டார். அதன் பிறகு தம்பியை வளர்த்தது நான்தான். பத்தாவதோடு என் படிப்பை நிறுத்திவிட்டு அவனை இன்ஜினியரிங் படிக்க வைத்தேன். சென்னையில் நல்ல கம்பெனியில் வேலை. அதை விட்டுவிட்டு, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு கஜகஸ்தான் போனான். இப்போது அங்கிருந்து கிர்கிஸ்தான் போயிருக்கிறான்.

எங்கே தங்குவாய் என்று கேட்டால் "போய்ப் பாத்துக்கலாம்க்கா" என்கிறான். ரோட்டில் கை காட்டி லாரியில் ஏறுகிறான். கவுச்சர்ஃபிங் என்று ஏதோ ஆப்பாம், அதில் ஆள் பார்த்து முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் படுக்கிறான். எங்கள் பக்கம் வெளிநாடு என்றால் துபாய், சவுதி என்று வேலைக்குப் போவார்கள். "தம்பி அங்க என்ன வேலை பாக்குறான்?" என்று கேட்பவர்களிடம், வீடு வீடாகச் சாப்பிடுகிறான் என்றா சொல்வது?

நான் இதுவரை யாரிடமும் கை நீட்டியதில்லை. முழங்கால் வலியில் பாத்தியில் குந்தவே முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா உதவிக்கு வந்தால்கூட வேண்டாம் என்றுவிடுவேன். இந்த முழங்கால் வலி தம்பிக்கும் தெரியாது. எனக்கென்று நல்ல சேலை எடுத்து வருஷக்கணக்காகிறது. படிப்பை விட்டது, சேலை எடுக்காதது எல்லாம் அவனிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இப்படி ரோஷத்தோடு வளர்ந்த வீட்டுப் பிள்ளை யார் யார் வீட்டிலோ கிண்ணம் ஏந்தலாமா?

வீடியோ வேறு அனுப்புகிறான். "இங்க விருந்தாளிக்கு அரைக் கிண்ணம்தான் டீ ஊத்துவாங்கக்கா" என்று அதிலும் ஒரு பெருமை. ஒரு பாட்டியின் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறான். காய்ச்சலில் கிடந்தபோது அவர்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தாராம், எனக்குச் சொல்லவே இல்லை. சென்னையில் மஞ்சள் காமாலை வந்தபோதும் ரூமில் கூட இருந்த பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது போகட்டும். ஆனால் வேலையை விட்டது எந்த விதத்தில் நியாயம்? பெண் வீட்டாரிடம் நான் என்ன சொல்வேன்? அவனைத் திரும்ப வரவைக்க ஒரு வழி சொல்லுங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து ஓர் அக்கா

அன்புள்ள சகோதரி,

வேலை, ஊர்ப்பேச்சு, பெண் வீட்டார் எல்லாம் இருக்கட்டும். "அது போகட்டும்" என்று ஓர் இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். என்னால் அதைத் தாண்ட முடியவில்லை. உடம்பு முடியாதபோது உங்கள் தம்பி உங்களிடம் சொல்வதில்லை. பயணம் தொடங்கும் முன்பே, சென்னையில் இருந்தபோதே சொல்லவில்லை. நாளைக்கே அவர் ஊருக்கு வந்து, நீங்கள் காட்டுகிற பெண்ணைக் கட்டிக்கொண்டு, பக்கத்துத் தெருவில் குடியிருந்தாலும் இது மாறாது. உங்களை உறுத்துவது கஜகஸ்தான் இல்லை. அந்தப் பாட்டியிடம் வாங்கிக் குடித்த கஞ்சியை உங்களிடம் ஏன் கேட்கவில்லை என்பதுதான்.

கொஞ்சம் கசப்பாகத்தான் சொல்லப் போகிறேன். உங்களிடம் கேட்பது அவருக்குக் கஷ்டம். நீங்கள் விட்ட படிப்பும் எடுக்காத சேலையும் அவருக்கு மனப்பாடம், நீங்களே பல முறை சொல்லியிருக்கிறீர்கள். ஏற்கெனவே அடைக்க முடியாத கடன் இருக்கும் இடத்தில் காய்ச்சலுக்குக் கஞ்சி கேட்கவும் நா எழாது. முன்பின் தெரியாத பாட்டியிடம் அந்தப் பாரம் இல்லை. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். உங்கள் தியாகம் பொய் என்று நான் சொல்லவில்லை. அதை நீங்கள் சொல்லிக்காட்டும்போது அவர் காதில் என்ன விழுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

நீங்கள் குறையாக எழுதிய அந்த அரைக் கிண்ணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கஜகஸ்தானில் விருந்தாளிக்குக் கிண்ணம் நிறைய டீ ஊற்றினால் "கிளம்பலாம்" என்று அர்த்தமாகிவிடும். கொஞ்சமாக ஊற்றினால் டீ ஆறாது. விருந்தாளியும் கூச்சமில்லாமல் திரும்பத் திரும்பக் கிண்ணத்தை நீட்டுவார், வீட்டுக்காரரும் ஊற்றிக்கொண்டே இருப்பார். உங்கள் தம்பியை அங்கே இழுத்தது இதுதானோ என்று தோன்றுகிறது.

அப்புறம், அந்நியர் கையால் சாப்பிடுவதை இழிவு என்கிறீர்கள். அதுவும் ராமேஸ்வரம் தீவில் உட்கார்ந்துகொண்டு! 1914இல் பாம்பன் ரயில் பாலம் வருவதற்கு முன்பு, வடக்கே எங்கிருந்தோ மாதக்கணக்கில் நடந்து வந்தவர்கள் தோணியில் கடலைத் தாண்டித்தான் உங்கள் தீவுக்கு வந்தார்கள். அவர்களுக்காகவே சேதுபதி மன்னர்கள் வழியெங்கும் சத்திரம் கட்டினார்கள். உங்கள் அப்பா திரும்பாதபோது தேடிப் போன படகுக்காரர்கள் யாரும் உங்களிடம் டீசல் காசு கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். யாரிடமும் கை நீட்டியதில்லை என்கிறீர்கள். நீட்டாமலேயே உங்களுக்குக் கிடைத்ததையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

அதற்காக அவர் செய்வதெல்லாம் சரி என்று ஆகாது. தெரியாதவர் வண்டியில் ஏறுவது ஆபத்துதான், எல்லா வீட்டிலும் பாட்டி இருக்க மாட்டார். ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு அவர் தறிகெட்டுத் திரியவில்லை. கஜகஸ்தானில் இந்தியர்கள் விசா இல்லாமல் ஒரு தடவைக்கு 14 நாள்தான் தங்க முடியும். அந்தக் கணக்கெல்லாம் பார்த்துத்தான் நாடு விட்டு நாடு போயிருப்பார். கவுச்சர்ஃபிங் 2004இல் தொடங்கியது. தங்க வைப்பவரும் தங்குபவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் அதில் எழுதுவார்கள். வீட்டுக்காரரைப் பற்றி முன்பு தங்கியவர்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். ஒவ்வொரு வீட்டு முகவரியையும் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். இதற்கு மேல் அவரைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

உங்கள் முழங்கால் விஷயத்துக்கு வருகிறேன். அவர் காய்ச்சலை மறைத்தார், நீங்கள் வலியை மறைக்கிறீர்கள். இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த முறை அவர் கூப்பிடும்போது "எப்ப வர்றே?" என்று ஆரம்பிக்காதீர்கள். முழங்கால் வலிக்கிறது, குந்த முடியவில்லை என்று சொல்லுங்கள். "உனக்காக உழைச்சுத்தான் இப்படி ஆச்சு" என்று மட்டும் தயவுசெய்து சேர்க்காதீர்கள். டாக்டரிடம் போக வேண்டும், ஆன்லைனில் டோக்கன் போட்டுக் கொடு என்று கேளுங்கள். அவரிடம் நீங்கள் ஏதாவது கேட்டு எத்தனை காலமாகிறதோ!

ஆஸ்பத்திரிக்கு அந்தப் பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்குக் கூப்பிடுங்கள். பஸ் டிக்கெட்டை அவர் எடுத்தால் எடுக்கட்டும், சண்டை போடாதீர்கள்.