நாய் வளர்ப்பதில் உங்களுக்குப் பிடித்தது எது? வெறுப்பேற்றுவது எது?

நேற்றுக் காலை எங்கள் விறாந்தையில் மூன்று செருப்புகள் கிடந்தன. மூன்றுக்கும் சோடி இல்லை. ஒன்றுகூட எங்கள் வீட்டுச் செருப்பும் இல்லை. அம்மா ஒன்றும் பேசாமல் அவற்றைப் பொறுக்கி எடுத்து, றோட்டுப் பக்கத்து வேலிக் கம்பியில் மாட்டிவிட்டு வந்தார். எட்டு மணிபோல் பக்கத்து வளவு அக்கா வந்து தன்னுடையதைக் கழற்றிக்கொண்டு, "இண்டைக்கு மூண்டுதானோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். எங்கள் ஒழுங்கையில் இப்போது செருப்பைக் காணவில்லை என்றால் யாரும் வீட்டில் தேடுவதில்லை. நேரே எங்கள் வேலிக்கு வந்துவிடுவார்கள்.

ஆகவே இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதென்றால், அந்தச் செருப்புகளைக் கொண்டுவந்து போட்ட எங்கள் நாய் கறுப்பியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீடு முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான் பக்கம். பின்வளவு முடியும் இடத்தில் கச்சான் தோட்டம், அது முடியும் இடத்தில் காடு. இங்கே நாய் வளர்ப்பது ஆசைக்கு என்பதைவிட, இரவுக்கு. பன்றி வரும், பாம்பு வரும், சில மாதங்களில் யானையும் வரும். அதற்கு ஒரு காவல் வேண்டும் என்றுதான் பலரும் நாய் எடுப்பது.

எங்கள் வீட்டில் மட்டும் நாய் வேண்டாம் என்று இருந்தது. முந்தி ஒரு நாய் நின்றது, பெயர் ரைகர், அதாவது புலி. அந்தக் காலத்தில் வன்னியில் ஒழுங்கைக்கு ஒரு ரைகராவது இருக்கும். அதில் அரசியல் ஒன்றும் இல்லை, உடம்பில் வரி இருந்தால் ரைகர், அவ்வளவுதான். 2008 கடைசியில் போரில் நாங்கள் இடம்பெயர்ந்தபோது உழவு இயந்திரப் பெட்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்தது. புதுக்குடியிருப்பு வரை வந்ததை நான் கண்டேன். அதற்குப் பிறகு காணவில்லை. அதற்குப் பிறகு நடந்தவற்றில் ஒரு நாயைப் பற்றிக் கதைக்க எவருக்கும் வாய் வரவில்லை. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் இருந்து திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலில் இருந்த நாட்களில், ஒரு நாள் றோட்டில் வரி போட்ட நாய் ஒன்றைக் கண்டு அம்மா தன்னை மறந்து "ரைகர்!" என்று கத்திவிட்டார். சோதனைச் சாவடியில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். அன்றைக்குச் சிரிக்கவில்லை. நாயும் எங்கள் நாய் இல்லை.

அதற்குப் பிறகு பல வருடங்களாக அப்பா நாய்ப் பேச்சையே எடுக்க விடவில்லை. "வளக்கிறது பெரிய வேலையில்லை, விட்டிட்டுப் போறதுதான்" என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

2018 மாரியில் வைரவர் கோயிலடியில் ஒரு உரப்பை அசைந்துகொண்டிருந்தது. உள்ளே நாலு குட்டிகள், நாலும் பெட்டை. கடுவன் குட்டி என்றால் கேட்டு வாங்கிப் போவார்கள். பெட்டை என்றால் சந்தியிலோ கோயிலடியிலோ கொண்டுபோய் விட்டுவிடுவது இங்கே சர்வசாதாரணம். கோயிலடியில் விட்டால் பாவம் இல்லை என்று நினைப்போ தெரியாது, வைரவருக்கு நாய்தானே வாகனம். மற்றக் குட்டிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஒன்றைத் துவாயில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா பார்த்தார். "மழை விடுமட்டும் நிக்கட்டும்" என்றார். அந்த மழை இன்னும் விடவில்லை.

அம்மா அவளைப் "பிள்ளை" என்பார். எனக்குக் கறுப்பி. அப்பா பெயர் சொல்ல மாட்டார், "உது எங்க?" என்றுதான் கேட்பார். ஆனால் மீன் பொரித்தால் தலை உதுக்குத்தான்.

சரி, வெறுப்பேற்றுவதற்கு வருகிறேன். அதுதான் நீளமான கணக்கு.

முதல் வருடம் பக்கத்து வளவுக் கோழிகள் மூன்று. ஊர்க்கோழி விலை தெரிந்தவர்களுக்கு அந்த வலி விளங்கும். செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டிவிட்டால் பிறகு கோழிப் பக்கமே போகாது என்று ஊரில் ஒரு பெரியவர் சொன்னார். கட்டினோம். விடியப் பார்த்தால் கழுத்தில் கயிறு மட்டும் இருந்தது, கறுப்பி வயிறு நிறைந்து படுத்திருந்தாள்.

பிறகு ஊளை. பின்னேரத்தில் பாண் விற்கும் ஓட்டோ தன் வழக்கமான பாட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்பும். முதல் நாலு சுரம் கேட்டதும் இவள் தலையை வானத்துக்குத் தூக்கிக் கூடவே பாடத் தொடங்குவாள். நாய் ஊளையிட்டால் யாருக்கோ கூடாது என்பது அம்மாவின் நம்பிக்கை. அதனால் ஒவ்வொரு பின்னேரமும் பாண்காரரை மறித்து, "தம்பி, எங்கட வீட்டைத் தாண்டிப் போய்ப் போடுங்கோவன்" என்பார். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த நாளும் அதே இடத்தில் போடுவார். ஒருமுறை அம்மாவுக்குப் பின்னால் ஒரு செத்த வீட்டுக்கும் போய்விட்டாள். பெண்கள் ஒப்பாரி தொடங்க, வாசலில் இருந்து இவளும் சேர்ந்துகொண்டாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கிய எல்லாரும் அழவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"கார்த்திகை மாதத்து நாய் மாதிரி" என்று ஆட்களைத் திட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். பெட்டை நாய் வளர்த்தால்தான் அந்த வசவின் முழு அர்த்தமும் தெரியும். படலைக்கு வெளியே ஏழெட்டுக் கடுவன்கள் இரவும் பகலும். வேலிக்கு எத்தனை கதியால் போட்டாலும் ஒன்று எப்படியோ வந்துவிட்டது. சினை 63 நாள் அளவு, குட்டி ஐந்து. இரண்டு கடுவனும் ஒரு கிழமையில் போயின. மூன்று பெட்டையையும் தள்ளிவிட எனக்கு மூன்று மாதம் எடுத்தது. வேலை செய்யும் இடத்தில் என்னைக் கண்டால் ஆட்கள் வேறு பக்கத்தால் நடக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகுதான் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோய்க் கருத்தடை செய்தோம். கார்த்திகையில் மட்டும் கவனமாக இருந்தால் போதும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். பெட்டை நாய்க்குக் கிட்டத்தட்ட ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் காலம் வரும் என்று அவர்தான் சொன்னார்.

அவரிடம் அதற்கு முந்தியும் ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டியிருக்கிறோம். கறுப்பிக்கு உடம்பெல்லாம் சொறி வந்து முடி கொட்டியபோது, அப்பா மோட்டார் சைக்கிளில் இருந்து வடித்த கழிவு ஒயிலை எடுத்துப் பூசிவிட்டார். ஊரில் எல்லாரும் செய்வதுதான். "நாய் தன்ர உடம்பை நக்கும் எண்டு தெரியாதோ ஐயா? உவ்வளவு ஒயிலும் வயித்துக்கை போகும்" என்று வைத்தியர் கத்தினார். சொறி என்பது தோலுக்குள் துளைத்து வாழும், கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி. அதற்கு மருந்து இருக்கிறது, சில கிழமைகளில் மாறிவிடும். ஒயிலோ நக்கியும் உள்ளே போகும், தோலாலும் உள்ளே போகும், ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இதை வாசிக்கும் யாராவது போத்தலில் ஒயில் எடுத்து வைத்திருந்தால் தயவுசெய்து வேலிக் கட்டைக்குப் பூசுங்கள்.

கடித்த கதை ஒன்றும் உண்டு. மீன்காரரின் கெண்டைக்காலில் ஒரு நாள் பல் பதித்துவிட்டாள். சின்னக் காயம். கிணற்றடியில் இருத்தி, சவர்க்காரம் போட்டு, வாளி வாளியாக ஊற்றிக் கால் மணித்தியாலம் கழுவினோம். "இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கோ" என்று அவர் மறுத்தார், அப்பா விடவில்லை, சைக்கிளை எங்கள் வளவில் போட்டுவிட்டு அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனார். விசர் நாய்க்கடி நோய் வெளியே தெரியத் தொடங்கினால் பிறகு மருந்து இல்லை. அதற்கு முந்தித்தான் எல்லாம். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டது, நாய்க்கு ஊசி போட்ட அட்டை எங்கே என்று. ஊசி வருடாவருடம் போட்டுத்தான் இருந்தோம், சுகாதாரப் பகுதியினர் சந்தியில் வந்து இலவசமாகப் போடுவார்கள். அட்டை மட்டும் இல்லை. அப்பா அதை நெல் விற்ற துண்டுகளோடு சேர்த்துப் பெட்டகத்துக்குள் வைத்திருந்தார், கறையான் தின்றுவிட்டது. நாயை இரண்டு கிழமை கட்டி வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். கடித்த நேரத்தில் நோய் பரப்பும் நிலையில் இருந்த நாய் என்றால் பத்து நாளுக்குள் சுகவீனம் காட்டும், செத்தும் போகும். கறுப்பி அந்தப் பதினாலு நாளில் நன்றாகக் கொழுத்துவிட்டாள். மீன்காரர் மட்டும் இன்றைக்கும் எங்கள் படலையடியில் சைக்கிளை விட்டு இறங்குவதில்லை. அம்மாதான் சட்டியோடு றோட்டுக்கு ஓட வேண்டும்.

அப்புறம், எங்கும் போக முடியாது. என்னைக் கேட்டால் நாய் வளர்ப்பதில் பெரிய கஷ்டம் இதுதான். மற்றதெல்லாம் பழகிவிடும். முந்தி வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குக் குடும்பமாகப் போய், இரவு முழுக்க நின்று, விடியத்தான் வருவோம். இப்போது ஒருவர் வீட்டில் நிற்க வேண்டும். "எனக்கு உந்தச் சனநெரிசல் ஒத்துவராது, நான் நிக்கிறன்" என்று அப்பா ஒவ்வொரு வருடமும் முந்திக்கொள்வார். போன முறை பாதி வழியில் போனை மறந்தது நினைவு வந்து நான் மட்டும் திரும்பினேன். விறாந்தையில் பாய் போட்டு இரண்டு பேரும் படுத்திருந்தார்கள். அப்பா கதைத்துக்கொண்டிருந்தார். முத்தையன்கட்டுக் குளத்தில் இருக்கிற தண்ணி சிறுபோகத்துக்குக் காணுமோ காணாதோ என்று, மிகவும் நிதானமாக, ஒரு மனிதருக்கு விளங்கப்படுத்துவது போல. கறுப்பி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள், வாலை இரண்டு தரம் நிலத்தில் அடித்தாள், குரைக்கவில்லை. நான் போனை எடுக்காமலே படலையடியில் இருந்து திரும்பிவிட்டேன்.

பிடித்தது எது என்று கேட்டால் அதைச் சொல்லலாம். இன்னொன்றும் இருக்கிறது.

தை மாதம், கச்சான் பிடுங்கும் காலம். இரவு இரண்டு மணி இருக்கும். பின்வளவில் ஒரு குளறல், அதோடு சத்தம் நின்றுவிட்டது. ரோச் லைட்டை அடித்தால் கறுப்பி குசினி வாசலில் நிற்கிறாள், முகம் முழுக்க முள்ளம்பன்றி முள். கறுப்பும் வெள்ளையுமாக, மீசை முளைத்தது போல. மேலுதட்டில் நாலு, மூக்குக்குப் பக்கத்தில் இரண்டு, தாடைக்குக் கீழே இரண்டு. ஒன்று வாய்க்குள் நாக்கின் அடியில். அந்த நேரத்தில் எந்த வைத்தியர்? அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிலத்தில் இருந்து, அவளின் தலையைத் தொடைகளுக்கு இடையில் இறுக்கிப் பிடித்தார். அம்மா ரோச் பிடித்தார். குறடு என் கையில். முள்ளைத் திருகக்கூடாது, முறிக்கக்கூடாது, போன வழியாலேயே நேரே இழுக்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றும் வரும்போது ஒரு சின்னச் சத்தம், ஈரச் சாக்கில் இருந்து ஊசியை இழுப்பது போல. எட்டு வந்துவிட்டது. நாக்கின் கீழே இருந்ததற்கு வாயைத் திறக்க வேண்டும். விரல் போனால் கடிப்பாள், யாராக இருந்தாலும் கடிக்கும் வலி அது. அப்பா தன் இடது கையின் பெருவிரலைப் பல்லுக்கு இடையில் கொடுத்துவிட்டு, "கறுப்பி, பொறு. இந்தா முடிஞ்சுது. பொறு கறுப்பி" என்றார்.

அவள் கடிக்கவில்லை. முள் வந்தது.

அப்பாவின் வாயில் அந்தப் பெயரை நான் முதலும் கடைசியுமாகக் கேட்டது அன்றைக்குத்தான். விடிந்ததும் மறுபடியும் "உது" ஆகிவிட்டது. நாய்க்காவது புத்தி வந்ததா என்றால் அதுவும் இல்லை. மூன்றாம் நாள் இரவு இன்னும் இரண்டு முள்ளோடு வந்து அதே வாசலில் நின்றாள்.

இத்தனை வருடத்தில் அவளின் குரைப்பு எங்களுக்கு அத்துப்படி. வேலிக்கும் வீட்டுக்கும் இடையில் ஓடி ஓடிக் குரைத்தால் பன்றி. ஒரே இடத்தில் நின்று, கழுத்தை முன்னே நீட்டி, பின்னால் பின்னால் நகர்ந்து குரைத்தால் பாம்பு, யாரும் செருப்பில்லாமல் இறங்கக்கூடாது. கோபமே இல்லாமல், சும்மா பொழுது போகாமல் விடிய விடியக் குரைத்தால் நிலவு. அன்றைக்கு யாருக்கும் நித்திரை இல்லை, காலையில் நான் பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு போவேன்.

யானைக்கு மட்டும் குரைப்பே இல்லை. கறுப்பி சத்தம் காட்டாமல் உள்ளே வந்து அப்பாவின் கட்டிலுக்குக் கீழே போய்ச் சுருண்டுவிட்டால், அப்பா எழும்பி வனஜீவராசிகள் திணைக்களம் கொடுத்த யானை வெடியைத் தேடுவார். அவளின் கணிப்பு இதுவரை ஒருமுறைகூடப் பிழைத்ததில்லை. வெடிச் சத்தத்துக்கு யானை போகிறதோ இல்லையோ, கறுப்பி அடுத்த நாள் மத்தியானம் வரை கட்டிலுக்குக் கீழே இருந்து வெளியே வரமாட்டாள். அப்பா சோற்றுக் கோப்பையைக் காலால் மெல்லக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, "உது திண்டிட்டுதோ எண்டு பிறகு பார்" என்று எனக்குச் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போவார்.