டிஸ்க் பிரேக் ஏன் ஐம்பது வருடம் காத்திருந்தது?

அன்புள்ள ஐயா,

பெர்த்தா பென்ஸ் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரு சந்தேகம். டிஸ்க் பிரேக்குக்கு ஆங்கிலேயப் பொறியாளர் லான்செஸ்டர் 1902-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார் என்கிறார்கள். அப்புறம் ஏன் 1950கள் வரை டிரம் பிரேக்கையே போட்டுக்கொண்டிருந்தார்கள்? கம்பெனிகள் வேண்டுமென்றே அமுக்கிவிட்டனவா? அப்பாவின் பழைய அம்பாசடரில் டிரம்மை நானே கழற்றிச் சுத்தம் செய்கிறேன், அதனால்தான் கேட்கிறேன்.

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

யாரும் அமுக்கவில்லை. சக்கரத்தோடு சுழலும் தட்டை இருபுறமும் கவ்வி நிறுத்துவது டிஸ்க் பிரேக். சுழலும் டிரம்முக்குள் ‘ஷூ’ என்ற வளைந்த கட்டைகள் விரிந்து உரசுவது டிரம் பிரேக். யோசனை இருந்தது, உரசுவதற்கு ஏற்ற பொருளும் அதை அழுத்தப் போதுமான விசையும் அன்றைக்கு இல்லை.

1888 ஆகஸ்டில், கார் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவரின் காரில் தன் இரண்டு மகன்களோடு ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குப் போன பயணத்தில், மேடு வந்தால் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கத்தில்தான் ஆபத்து. பிரேக் கட்டை தேய்ந்துகொண்டே வந்தது. வழியில் செருப்புத் தைக்கும் ஒருவரைப் பிடித்து, கட்டைமேல் தோலை வைத்து ஆணியடிக்கச் சொன்னார். காரின் பிரேக் லைனிங், அதாவது கட்டைமேல் ஒட்டும் உரசுபொருள், அங்கேதான் பிறந்தது. இங்கிலாந்தின் டெர்பிஷயரில் குதிரை வண்டிக்காரர்களும் பழைய பூட்ஸ் தோலைக் கட்டையில் அடித்து ஓட்டினார்கள். அதைக் கவனித்த ஹெர்பர்ட் ஃப்ரூட் 1897-ல் லைனிங் தொழிலில் இறங்கினார். அவருடைய முதல் லைனிங்குகள் சூட்டில் கருகின. 1908-ல் சூடு தாங்கும் கனிம நாரான ஆஸ்பெஸ்டாஸுக்கு மாறினார்.

லான்செஸ்டர் தன் டிஸ்க்கைக் கவ்வப் பயன்படுத்தியது செம்பு. உலோகத்தோடு உலோகம் உரசினால் காது கிழியும். அன்றைய மண் சாலைப் புழுதியில் செம்பு சீக்கிரமே தேய்ந்தும் போனது. டிரம்முக்கு இன்னொரு வசதியும் உண்டு. சுழலும் டிரம், முன்பக்க ஷூவைத் தானே இழுத்து மேலும் அழுத்திக்கொள்ளும். மிதிக்கிற காலுக்கு அது இனாமாகக் கிடைக்கும் பலம். டிஸ்க்கில் அது கிடையாது. அதனால் வெறும் கம்பியையும் நெம்புகோலையும் வைத்து டிஸ்க்கை அழுத்திக் கனமான காரை நிறுத்துவது கடினம். திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் 1921-ல் அமெரிக்காவின் டியூசன்பர்க் காரின் நான்கு சக்கரங்களுக்கும் வந்தபோதுகூட டிரம்மே போதுமானதாக இருந்தது.

போதாமல் போனது வேகம் கூடியபிறகுதான். சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. டிஸ்க் காற்றில் திறந்தே கிடப்பதால் சூடு போய்விடும். விமானங்களுக்காக டிஸ்க் பிரேக் செய்துகொண்டிருந்த டன்லப் அதை ஜாகுவார் சி-டைப்புக்குக் கொண்டுவந்தது. அந்தக் கார் 1953-ல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை, மணிக்கு சுமார் 170 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் ஜெயித்தது. 1955-ல் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கோடு சிட்ரோயன் டிஎஸ் கார் வந்தது. அதன்பின் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அமுக்கப்பட்டது வேறொன்று உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் தூசி தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுக்கிறது என்று பிரிட்டனில் 1930-லேயே அரசு அறிக்கை வந்துவிட்டது. 1935-ல், அதைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவு நல்லது என்ற பொருளில் அமெரிக்க லைனிங் நிறுவனமொன்றின் தலைவர் கடிதம் எழுதினார். அது பிற்காலத்தில்தான் வெளியே வந்தது. பிரிட்டன் முழுத்தடை போட்டது 1999-ல். இடையில் எத்தனை மெக்கானிக்குகள் அந்தத் தூசியைச் சுவாசித்தார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை.

உங்கள் டிரம்மில் இருப்பது பழைய லைனிங்காக இருக்கலாம். தயவுசெய்து வாயாலோ ஏர் பைப்பாலோ ஊதாதீர்கள், உலர்ந்த பிரஷ்ஷும் வேண்டாம். தண்ணீரால் நன்றாக நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். லைனிங்கை மாற்றும்போது ஆஸ்பெஸ்டாஸ் இல்லாததா என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.